ஞானப்பூ அக்காவுக்குப் பக்கத்து சீட்

வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர்களுக்குக் காலடியில் தனியாக ஒரு பிரேக் வைத்துக் கொடுப்பார்கள். வாய்க்கும் ஒன்று வைத்துக் கொடுக்க வேண்டும் என்று இன்னும் யாருக்கும் தோன்றவில்லை. மகனுக்கோ மனைவிக்கோ வண்டி கற்றுக்கொடுத்துவிட்டு, அன்றைக்கு முழுக்க வீட்டில் ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமல் சாப்பிட்ட அனுபவம் உங்களுக்கு இருக்கிறதா? அப்படியென்றால் நீங்களும் எங்கள் சாதிதான். கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், சொல்கிறேன்.

என் பெயர் ரூத். மலேசியாவில், கோலசிலாங்கூருக்கு வெளியே, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு பயிற்சிப் பள்ளியில் வேலை. எங்கள் ஊரில் வண்டி கற்றுக்கொடுப்பவர் மலாய்க்காரரோ சீனரோ தமிழரோ, எல்லாரையும் ஆசிரியருக்கான மலாய்ச் சொல்லான 'சிக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் நான் சிக்கு ரூத். ஞாயிற்றுக்கிழமையானால் ஈஜோக்கில் ஒரு கடைவரிசையின் மாடியில் கூடும் சின்ன சபைக்குப் போகிறேன். எல்லாரையும் நேசியுங்கள் என்று பாஸ்டர் அங்கே அடிக்கடி சொல்வார். இயேசு அதில் யாருக்காவது விலக்குக் கொடுத்திருக்கிறாரா என்று நான் நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டேன். கொடுக்கவில்லை. நான் யாரை மனதில் வைத்துக்கொண்டு தேடினேனோ, அவரே ஒருநாள் எங்கள் பள்ளிக்கு வண்டி கற்க வந்து நின்றார்.

ஜெப எண்ணெய்

ஞானப்பூ அக்காவைத் தெரியாதவர்கள் எங்கள் சபையில் கிடையாது. அறுபதை நெருங்கும் வயது. தோட்டத்து நாற்றுப் பண்ணையில் மண்டோராக இருந்து ஆள்களை மேய்த்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் குரல் ஓய்வு பெறவில்லை. சபைச் சமையல் அவர் பொறுப்பு. பிரசங்கம் நீண்டால் அடுப்படியிலிருந்து சட்டி மூடியை ஒரு தட்டு தட்டுவார். பாஸ்டர் அத்தோடு ஆமென் சொல்லிவிடுவார். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்ணிடம், "சேல நல்லாருக்கு, ஜன்னலுக்குப் போட மிச்சம் இருக்கா?" என்று கேட்டவர். அந்தப் பெண் நான்.

அவருடைய கணவர் தேவசகாயம் அண்ணன் லோரி ஓட்டியவர். இனிப்பு நீர் வியாதியால் கண் பார்வை மங்கி, ஓட்டுவதை நிறுத்திவிட்டார். அவர்கள் குடியிருப்புக்குப் பேருந்து வருவதில்லை. சபை வேன் ஓட்டுகிறவரோடு அக்காவுக்குச் சண்டை. பக்கத்து வீட்டுக்காரரோடும் சண்டை. மருமகளோடு சண்டை என்று சொல்ல முடியாது, மகனையும் கூட்டிக்கொண்டு அவள் ஜொகூருக்கே போய்விட்டாள். ஏற்றிக்கொண்டு போக இருந்தவர்களையெல்லாம் வரிசையாக இழந்த பிறகு, அண்ணனைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போக அக்காவுக்கு ஒரே வழிதான் மிச்சம் இருந்தது. தானே ஓட்டுவது.

அவர் பள்ளி வாசலில் இறங்கியதை என்னோடு வேலை செய்யும் ஷாகுல் அண்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். ஷாகுல் அண்ணன் வீட்டுக்காரர்கள் டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார்கள். அந்தக் கடையில் அக்கா ஒருமுறை மீன் தலையை முகர்ந்து பார்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார். "நான் தொழுதுட்டு வந்துடறேன்" என்று அண்ணன் பின்வாசல் வழியாகக் கிளம்பினார். காலை மணி பத்தரை. அந்த நேரத்தில் கட்டாயத் தொழுகை எதுவும் கிடையாது.

ஆக, அக்கா எனக்கு வாய்த்தார். வண்டியில் ஏறியதும் பையிலிருந்து ஜெப எண்ணெய்க் குப்பியை எடுத்து ஸ்டியரிங் முழுக்கத் தாராளமாகப் பூசினார். "ஆண்டவரே, இந்தக் காடியக் காப்பாத்தும். இந்த ரூத்துக்கு நல்ல புத்தியக் குடும். போன வாரம் ஆராதனைக்கு லேட்டா வந்தா, அதையும் மன்னியும்" என்று சத்தமாக ஜெபித்தார். முதல் வளைவில் ஸ்டியரிங் ஒரு பக்கமும் எண்ணெய்க் கை இன்னொரு பக்கமும் போயின. பயிற்சித் திடல் நடுவே இருந்த பூச்செடிகளை நோக்கி நாங்கள் போய்க்கொண்டிருந்தோம். நான் என் பிரேக்கை மிதித்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பூச்செடிக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ எதுக்குக் கண்ண மூடுறே? ஜெபம் பண்றது என் வேல. ரோட்டப் பாக்குறது ஒன் வேல."

வெங்காயம்

இதைச் சொல்லாமல் விட்டால் நான் ரொம்ப நல்லவள் என்று நினைத்துவிடுவீர்கள். அக்காவைக் கண்டால் கைகூப்பி ஸ்தோத்திரம் சொல்லி, சிரித்து, உடனே நகர்ந்துவிடுவது என் வழக்கம். பல வருஷம் அதை மன்னிப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அது வெறும் தூரம்.

சில வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிறு, எங்கள் சபையில் குழந்தைப் பிரதிஷ்டை, அதாவது பிறந்த குழந்தையை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கும் ஜெபம். எனக்குக் கல்யாணமாகி ரொம்ப வருஷம் ஆகியிருந்தது, பிள்ளை இல்லை. இருந்த நம்பிக்கையும் அந்த மாதம்தான் கைவிட்டுப் போயிருந்தது. அது சபையில் பலருக்குத் தெரியும். குழந்தை கைமாறிக் கைமாறி என் மடிக்கு வந்ததும் பேச்சு அப்படியே நின்றது. எல்லார் முகத்திலும் ஒரே இரக்கம். நான் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அடுப்படி வாசலிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"ஒனக்கென்ன, பிள்ளையா குட்டியா? இங்க வந்து வெங்காயத்த உரி."

எல்லாருக்கும் வழிவிடும் நிஷா

அக்காவோடு மாறி மாறி ஓட்ட, புக்கிட் செந்தோசாவிலிருந்து நிஷா என்று ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். பாலர் பள்ளி ஆசிரியை. பழகினால் ஒரு குறை சொல்ல முடியாத பிள்ளை. சாலையில்தான் ஆபத்து. முச்சந்தியில் வண்டியை நிறுத்தினால் நிறுத்தியதுதான். முதலில் லோரிக்கு வழி. பிறகு மோட்டார் சைக்கிளுக்கு. பிறகு ஐஸ்கிரீம்காரருக்கு. பிறகு ஒரு கோழிக்கு. "போகலாமே நிஷா" என்று சொன்னால், "அவங்க ஸ்மைல் பண்ணாங்க சிக்கு, எப்படிப் போறது" என்பாள். கோழியும் சிரித்ததா என்று நான் கேட்கவில்லை.

அன்றைக்கு அக்கா பின்சீட்டில் இருந்தார். எங்களுக்குப் பின்னால் கார்கள் வால் மாதிரி நீண்டுகொண்டே போயின. அக்கா தன்னால் முடிந்த அளவு அடக்கிக்கொண்டார் என்றே சொல்ல வேண்டும். மூச்சு மட்டும் சட்டி கொதிப்பது போலக் கேட்டது. பிறகு இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டி, நாற்றுப் பண்ணையின் கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில், "போடி" என்றார்.

நிஷாவின் கால் அவளைக் கேட்காமலே அழுத்தியது. முச்சந்தியைக் கடந்தோம். திரும்ப வேண்டிய இடத்தையும் கடந்தோம். அதற்கடுத்த பாலத்தையும் கடந்தோம். நிறுத்தச் சொல்ல எனக்கே தைரியம் வரவில்லை. கடைசியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் வண்டி தானாகச் சோர்ந்து நின்றபோது, நிஷா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத முகத்தோடு என் கையைப் பிடித்தாள்.

"சிக்கு, நெக்ஸ்ட் கிளாசுக்கும் ஆன்ட்டியைப் பின்னால உட்கார வைங்க, ப்ளீஸ். ஆன்ட்டியைப் பார்த்த பிறகு ரோடு பயமாவே இல்ல லா."

மாட்டுக்கு ஒரு பிரசங்கம்

ஈஜோக் பக்கம் தோட்டத்துச் சாலைகளில் மாடுகள் படுத்திருக்கும். எங்கள் பாடத்தில் அதற்கு ஒரு முறை இருக்கிறது: வேகம் குறை, காத்திரு, ஹாரன் அடித்து மிரட்டாதே. அக்கா வேகத்தைக் குறைத்தார். நின்றார். மெச்சிக்கொள்ளலாம் என்று நான் வாய் திறப்பதற்குள் கதவைத் திறந்து இறங்கிப் போய்விட்டார். கைப்பிரேக்கைப் போடவில்லை. சாலை அங்கே லேசான இறக்கம். அக்கா முன்னால் நடக்க, ஓட்ட ஆளில்லாத வண்டி பின்னாலேயே மெதுவாக உருண்டு போனது. மாட்டுக்கும் அக்காவுக்கும் கொஞ்ச தூரத்தில் நான் என் பிரேக்கைக் கண்டுபிடித்தேன். அக்காவுக்கு இது எதுவும் தெரியாது.

அவர் மாட்டின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றார். "யாரு வீட்டு மாடு நீ? ஒனக்கு வேற எடமே இல்லையா? நாலு பேரு வேலைக்குப் போற ரோடுன்னு தெரியாதா?" எங்களுக்குப் பின்னால் செம்பனைக் குலை ஏற்றிவந்த லோரியின் வங்காளதேசத்து ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மாடு அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தது. எழுந்தது. செம்பனைக்குள் போய் மறைந்தது. அக்கா திரும்பி வந்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார்.

"மாடுகூட ஒரு தடவ சொன்னா எழுந்திரிக்குது. நம்ம சபையில இருக்கிறவங்களுக்குத்தான் ஒவ்வொன்னையும் மறுபடி மறுபடி சொல்லணும்."

ஷாகுல் அண்ணனின் ஒரு வகுப்பு

எனக்குக் காய்ச்சல் வந்த ஒருநாள் ஷாகுல் அண்ணனுக்குத் தப்பிக்க வழியில்லாமல் போயிற்று. மறுநாள் நான் வேலைக்கு வந்தபோது அவர் கென்டீனில் தே தாரேக் டீயை முன்னால் வைத்துக்கொண்டு, குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வகுப்பு முழுக்க அவருக்குச் சமையல் பாடம் நடத்தியிருக்கிறார். மீனைக் கழுவத் தெரியாதவர்கள் கடை வைக்கக் கூடாது என்று ரவுண்டானாவை மூன்று முறை சுற்றியபடியே விளக்கியிருக்கிறார்.

"தங்கச்சி, பகையாளியையும் நேசிக்கணும்னு உங்க ஏசு சொன்னாருல்ல?" என்று கேட்டார்.

"சொன்னார் அண்ணே."

"இந்த மாதிரி ஆளுங்களப் பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டா சொன்னாரு?"

"அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவங்க இதைவிட மோசம் அண்ணே. யாரு பெரியவன்னு அவருக்கு முன்னாலயே சண்ட போட்டாங்க. ஒருத்தன் காட்டியே குடுத்தான்."

அண்ணன் ஆறிப்போன தே தாரேக்கை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தார்.

"அப்ப அவரு காலடியிலயும் ஒரு பிரேக் இருந்திருக்கும். மிதிக்காமலே ஓட்டியிருக்காரு பாரு, பெரிய ஆளுதான்."

புளி

தினமும் அக்கா ஏறுவதற்கு முன்னால் நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஜெபிப்பேன். முதலில், "ஆண்டவரே, அக்காவை மாற்றும்." பதில் இல்லை. பிறகு, "எனக்காவது பொறுமை கொடும்." அவர் கொடுத்தது ஒரு சுற்றுலாப் பேருந்து.

கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்க வருகிறவர்களின் பேருந்து அது. பகலிலேயே வந்து, குறுகிய சாலையில் எங்களுக்கு எதிரே முழுச் சாலையையும் அடைத்து நின்றது. யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். அக்காவுக்குப் பின்னால் எடுக்கவே வராது. திடலில் நட்டிருக்கும் கம்பங்கள் ஒவ்வொன்றாக விழுந்திருக்கின்றன. அந்த ஓட்டுநர் ஹாரனை நீளமாக அழுத்திக் கையை வேறு ஆட்டினார். அக்காவின் காது சிவந்தது. ஒரு கை ஸ்டியரிங்கில், இன்னொரு கை ஜன்னலுக்கு வெளியே விரலை நீட்டி அவரைத் திட்டிக்கொண்டிருக்க, வண்டி பின்னால் போனது. கோடு போட்ட மாதிரி நேராக. வளைவில் வளைந்து, ஓரத்து லோங்காங் சாக்கடையில் சக்கரம் இறங்காமல், ஒரு வீட்டு வாசலில் அழகாக ஒதுங்கி நின்றது. பள்ளியில் எனக்கே அப்படி வராது.

எனக்குப் பொறி தட்டியது. இந்த அக்காவுக்குக் கோபம் வந்தால் கை கால் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. மறுநாள் பார்க்கிங் பாடம். முதல் முறை ஒரு கம்பம் போயிற்று. இரண்டாவது முறை அதன் ஜோடி. மூன்றாவது முறை அவர் கியரைப் போட்டதும், நான் சொன்னேன், "அக்கா, போன ஞாயித்துக்கெழம மீன் கொழம்புல புளி ஜாஸ்தி."

வண்டி பின்னால் போய், திரும்பி, இரண்டு கம்பங்களுக்கும் நடுவில் ஊசியில் நூல் கோத்த மாதிரி நின்றது. அக்கா கைப்பிரேக்கை இழுத்தார். எஞ்சினை நிறுத்தினார். என் பக்கம் முழுதாகத் திரும்பினார். என் கை கதவுப் பிடியில் இருந்தது. ஆனால் அந்த முகத்தில் கோபம் இல்லை.

"இத்தன வருஷமா ஒருத்தியும் சொல்லலியே. எல்லாம் சிரிச்சுக்கிட்டே தின்னுட்டுப் போறாளுங்க. ஜாஸ்தின்னா எவ்வளவு ஜாஸ்தி? சரியாச் சொல்லு."

மேடு

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் ஒன்று விளங்கியது. சபையில் நாங்கள் அக்காவை நேசித்துக்கொண்டிருந்ததாகச் சொல்லிக்கொண்ட வருஷங்களில், அவரோடு ஒருவரும் பேசவே இல்லை. தலையாட்டினோம், சிரித்தோம், தப்பித்தோம். சண்டை போட்டாவது கூட உட்கார்ந்திருந்தது தேவசகாயம் அண்ணன் ஒருவர்தான்.

அடுத்தது மேட்டுப் பாடம். ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுக்க வேண்டும். கிளட்சைக் கொஞ்சம் விட்டு, வண்டி முனகுகிற இடத்தில் காலைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். அக்கா அப்படிப் பிடித்திருந்தபோது நான் சொன்னேன். அவரைக் கோபப்படுத்தச் சொல்லவில்லை. புளியைச் சொன்ன தைரியத்தில் தானாக வந்துவிட்டது.

"அக்கா, அன்னைக்குப் பிள்ளையா குட்டியான்னு சொல்லி வெங்காயம் உரிக்கக் கூப்பிட்டீங்களே. எனக்கு ரொம்ப வலிச்சுது."

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. நான் என் பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டேன். அக்கா எதிரே இருந்த வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேட்டில் நின்றால் வேறு ஒன்றும் தெரியாது.

"தெரியும்" என்றார். "அத்தன பேரும் ஒன்னையே பாத்துக்கிட்டு இருந்தாளுங்க. நீ அழுதுடுவேன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வெங்காயம் உரிச்சா அழறது யாருக்கும் தெரியாதுல்ல."

அன்றைக்கு உண்மையிலேயே அப்படி நினைத்துத்தான் கூப்பிட்டாரா, இல்லை மேட்டில் மாட்டிக்கொண்ட அவசரத்தில் இதைச் சமைத்தாரா, இன்று வரை எனக்குத் தெரியாது. அக்கா அவசரச் சமையலில் கெட்டிக்காரர். சமைத்ததாகவே இருக்கட்டும்; எனக்காக ஒருவர் அடுப்பைப் பற்ற வைத்தாரே, அது போதும் என்று தோன்றியது. அன்று அடுப்படியில் அழாமல் மிச்சம் வைத்திருந்ததையும் சேர்த்து அழுதேன். அக்கா தைல வாசனை அடிக்கும் தன் துண்டை எடுத்து என் மடியில் போட்டார்.

"அந்த வார்த்தைய வேற மாதிரிச் சொல்லியிருக்கணும். எனக்குச் சொல்லத் தெரியல. சரி, அழுதுக்கிட்டே சொல்லு, இப்ப எந்தக் கால எடுக்கணும்?"

மீன் தலை

முதல் பரீட்சையில் அக்கா தேறவில்லை. ஓட்டியதெல்லாம் சரிதான். நடுவில் சோதனை அதிகாரியைப் பார்த்து, இவ்வளவு ஒல்லியாக இருக்கிறாயே, வீட்டில் ஒழுங்காகச் சமைக்க ஆளில்லையா என்று மலாயில் விசாரித்துக்கொண்டே சிவப்பு விளக்கைத் தாண்டிவிட்டார். சபையில் விசேஷ ஜெபம் வைத்தார்கள். பாதிப் பேர் அக்கா தேற வேண்டும், அப்போதுதான் நாம் ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருக்காது என்று ஜெபித்தார்கள். மீதிப் பேர் தேறிவிட்டால் சாலையில் யார் நடப்பது என்று ஜெபித்தார்கள். பரலோகத்தில் கொஞ்சம் குழப்பம் ஏற்பட்டிருக்கும்.

இரண்டாவது முறை காலையிலேயே அக்கா சரியில்லை. யாரையும் திட்டவில்லை. ஜெப எண்ணெய்க் குப்பியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. மறுவாரம் தேவசகாயம் அண்ணனுக்குக் கண்ணில் சிகிச்சை என்று நாள் குறித்திருந்தார்கள். "ரூத்து, நீ பின்னாலயாவது உட்காரக் கூடாதா?" என்று கேட்டார். அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. உத்தரவு போட்டுத்தான் பார்த்திருக்கிறேன். விதி அனுமதிக்காது என்று சொன்னேன். கையைப் பிடித்து ஜெபித்தேன். அப்போதும் குப்பி பையிலேயே இருந்தது. கடைசி ஆயுதமாக, "அக்கா, புளி இன்னும் ஜாஸ்திதான்" என்றேன். "இல்ல, கொறச்சுட்டேன்" என்றார், குழந்தை மாதிரி.

அதுவரை தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஷாகுல் அண்ணன் கிட்டே வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், வானிலை சொல்வது போலச் சொன்னார், "அன்னைக்கு எங்க கடை மீன் தல நல்லாத்தான் இருந்துச்சு. பாக்கத் தெரியாதவங்க திருப்பிக் குடுத்துட்டாங்க."

அக்காவின் காது சிவப்பதை நான் பார்த்தேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று மனதுக்குள் சொன்னேன். அவர் நடந்து போய் வண்டியில் ஏறி, கதவைச் சாத்தி, பெல்ட்டை மாட்டி, சிக்னல் போட்டு, கண்ணாடி பார்த்து, புத்தம் புதிய ஆளாகக் கிளம்பினார். திரும்பி வந்தபோது அதிகாரியே இறங்கிச் சிரித்தார். நான் ஓடிப் போய்க் கட்டிப்பிடித்தேன். அக்கா என் தோளுக்கு மேலாக ஷாகுல் அண்ணனைத் தேடிக்கொண்டிருந்தார்.

"லைசன்ஸ் வந்துடுச்சு. இனிமே ஒங்க கடைக்கு நானே ஓட்டிக்கிட்டு வந்து அந்த மீன் தலய நேர்ல பாக்குறேன்."

ஜெராம் போகிற வழி

சிகிச்சை முடிந்து கட்டுப் பிரித்த பிறகு, அண்ணனுக்குக் கடல் காற்றுப் படட்டும் என்று அக்கா ஜெராமுக்குக் கிளம்பினார். துணைக்கு நான் பின்சீட்டில். பார்வை இனி பெரிதாகத் திரும்பாது, இருப்பது போகாமல் இருந்தால் பாக்கியம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தேவசகாயம் அண்ணன் முன்சீட்டில் மடியில் கை கோத்து உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் தன் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தார்.

அக்கா கிளம்பியதிலிருந்து வாயை மூடவில்லை. "டேய் மஞ்சச் சட்ட, ஹெல்மெட்டத் தலையில போடு, கையில இல்ல. இங்க பாரு, அந்தப் பெரிய மாமரத்த வெட்டிட்டானுங்க, இவனுங்களுக்கு அது என்ன கெடுதல் பண்ணுச்சு? கோயிலுக்குப் பச்சப் பெயின்டாம், யாரு பாத்து எடுத்தது? லோரிக்காரரே, மட்டையெல்லாம் கீழ விழுது, கயிறு கட்டத் தெரியாதா? ஐயோ இந்தச் சிவப்பு வெளக்கு, எவ்வளவு நேரந்தான் சிவப்பா இருக்கும்?" எனக்குத் தலை சுற்றியது. நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், எனக்கு இப்போது அக்காவை ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் பஞ்சு இருந்தால் காதில் வைத்துக்கொண்டிருப்பேன்.

கடற்கரையில் அக்கா இளநீர்க்காரரோடு இளநீரின் வயதைப் பற்றி வாதாடப் போனார். நான் அண்ணனின் பக்கம் குனிந்து, இத்தனை வருஷமும் இந்தச் சத்தத்தை எப்படித்தான் தாங்கினீர்கள் என்று கேட்டேன். அவர் அக்காவின் குரல் வரும் பக்கமாக முகத்தைத் திருப்பிச் சிரித்தார்.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்லம்மா. இவ திட்டிக்கிட்டே வர்றதுல, ரோட்டுல என்னென்ன இருக்குன்னு ஒன்னு விடாம தெரிஞ்சிடுது."

நேசிக்கக் கஷ்டமானவர்களை நேசிப்பது பற்றி இத்தனை நாளில் நான் கற்றதெல்லாம், பெல்ட்டை மாட்டிக்கொண்டு இறங்காமல் கூடவே உட்கார்ந்திருந்தால் மிச்சத்தைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார், அவருக்கு முந்திக்கொண்டு ஞானப்பூ அக்காவே பார்த்துக்கொண்டாலும் அவர் கோபித்துக்கொள்வதில்லை என்பதுதான்.